ஒரு கட்டடத்தின் ஒலியைப் பதிவு செய்து ஆவணமாக்குவது எப்படி? தொடக்கநிலையாளருக்கான செய்முறை விளக்கம்

2019 ஏப்ரல் 15 அன்று பாரிஸின் நோத்ர தாம் தேவாலயத்தின் கூரை எரிந்து விழுந்தபோது, அங்கே பாடுவோருக்கு அக்கட்டடம் திருப்பித் தந்துவந்த முழக்கமும் சிதைந்தது. கல்லால் ஆன வளைவு உட்கூரையில் விழுந்த ஓட்டைகளின் வழியே ஒலி வெளியேறியதால் எதிர்முழக்க நேரம், அதாவது ஓசை நின்ற பின் அதன் முழக்கம் அடங்க ஆகும் நேரம், எவ்வளவு குறைந்தது என்பதைக் கணக்கிட முடிந்ததற்குக் காரணம், பிரையன் காட்ஸ் உள்ளிட்ட ஒலியியல் ஆய்வாளர்கள் 2013இலேயே அந்த அரங்கை அளந்து பதிவு செய்து வைத்திருந்ததுதான். நம் ஊர்களில் இடிக்கப்படும் பழைய திரையரங்குகளுக்குப் புகைப்படங்களாவது மிஞ்சுகின்றன. அவற்றுக்குள் ஒரு குரல் எப்படி ஒலித்தது என்பதற்கு எந்தச் சான்றும் மிஞ்சுவதில்லை. இந்தப் பணிக்குப் பெரிய கருவிகள் தேவையில்லை என்பதால், ஓர் ஒலிப்பதிவுக் கருவியும் சில பலூன்களும் கொண்டு இதைச் செய்யும் முறையை இங்கே விளக்குகிறேன்.

பலூன் என்றதும் ஐயம் வேண்டாம். அது வெடிக்கும் குறுகிய ஓசைக்கு அந்த இடம் திருப்பித் தரும் முழக்கத்தையே நாம் பதிகிறோம். இஸ்தான்புல்லின் ஹாகியா சோஃபியாவில் 2010இல் பலூன்களை வெடித்துப் பதிவு செய்த ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள், ஏறத்தாழ 11 விநாடி நீளும் அதன் எதிர்முழக்கத்தை அந்தப் பதிவுகளிலிருந்தே மீட்டெடுத்து, கலிஃபோர்னியாவில் பாடிய குழுவினரின் குரல்கள் அந்தக் குவிமாடத்தின் கீழ் ஒலிப்பதுபோலக் கேட்கச் செய்தனர்.

முதல் படி, இடமும் அனுமதியும். கட்டடப் பொறுப்பாளரிடம் பலூன் வெடிக்கப்போவதைத் தெளிவாகச் சொல்லி அனுமதி பெறுங்கள். வௌவால்களோ கூடு கட்டிய பறவைகளோ உள்ள மண்டபத்தில் பலூனைத் தவிர்த்து, இரண்டு மரக்கட்டைகளை ஒருமுறை மட்டும் மெதுவாகத் தட்டலாம். கோயில்களின் இசைத்தூண்களை மட்டும் எக்காரணம் கொண்டும் தட்ட வேண்டாம். ஹம்பியின் விட்டலர் கோயிலில் அவற்றைத் தட்டுவதற்குத் தடை விதிக்க நேர்ந்ததே, வந்தவர்கள் எல்லாரும் தட்டிப் பார்த்ததால் நேர்ந்த சேதத்தினால்தான். போக்குவரத்து அடங்கிய விடியற்காலையே பதிவுக்கு ஏற்ற நேரம்.

இரண்டாம் படி, கருவியின் அமைப்பு. வேவ் கோப்பு, 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ் என்று வையுங்கள். கருவியில் அந்த வசதி இல்லையென்றால் 48 கிலோஹெர்ட்ஸ் போதும். எம்பி3 வேண்டாம். அடுத்து நான் சொல்வது இந்தக் கட்டுரையிலேயே மிக முக்கியமானது: ஒலியளவைத் தானாகக் கூட்டிக் குறைக்கும் வசதியை அணைத்துவிடுங்கள். அதை அணைக்காமல் நான் செய்த முதல் பதிவில், வெடியோசை அடங்க அடங்கக் கருவி ஒலியை உயர்த்திக்கொண்டே போனதால், அந்த அரங்குக்கு இல்லாத ஒரு நீண்ட முழக்கம் கோப்பில் ஏறியிருந்தது. அத்தகைய பதிவைப் பின்னால் எந்த மென்பொருளாலும் நேர்செய்ய இயலாது. தாழ்ந்த அதிர்வெண்களை வெட்டும் வசதியையும், இரைச்சல் நீக்கும் வசதியையும் அணைத்து வையுங்கள். ஒரு பலூனை வெடித்துச் சோதித்து, உச்ச அளவு, கருவி பதியக்கூடிய மேல் எல்லையான சுழியத்துக்கு 6 முதல் 10 டெசிபல் கீழே நிற்குமாறு பதிவு அளவைக் குறையுங்கள்.

மூன்றாம் படியில் கருவியை முக்காலியில் 1.2 மீட்டர் உயரத்தில், கேட்போர் அமரும் பகுதியில், எந்தச் சுவரிலிருந்தும் ஒரு மீட்டருக்கு மேல் தள்ளி நிறுத்துங்கள். பாடகரோ பேச்சாளரோ நிற்கக்கூடிய இடத்தில், 1.5 மீட்டர் உயரத்தில் பலூனைப் பிடித்துக்கொள்ளுங்கள். இரண்டுக்கும் இடைப்பட்ட தொலைவை அளந்து குறித்துக்கொள்ளுங்கள்.

நான்காவது, பதிவு. கருவியை இயக்கி, நாள், நேரம், இடம், பலூன் உள்ள இடம், கருவி உள்ள இடம் ஆகியவற்றை உங்கள் குரலிலேயே சொல்லுங்கள். பிறகு இரண்டு நிமிடம் அசையாமல் நின்று அரங்கின் அமைதியைப் பதியுங்கள். அந்த அமைதி வெறுமை அன்று. காற்று, மின்விசிறி, தொலைவில் கரையும் காகம் எல்லாம் அந்த இடத்துக்கே உரியவை. அதன்பின் காதடைப்பான் அணிந்து பலூனை ஊசியால் குத்துங்கள். முழக்கம் காதுக்கு அடங்கிய பின்னும் பத்து விநாடி அசையக் கூடாது. ஒவ்வோர் இடத்திலும் மும்முறை செய்யுங்கள். பின்னர் அதே இடத்தில் ஒருவரை ஒரு பாடலோ ஆலாபனையோ பாடச் செய்து பதியுங்கள்.

குறிப்பேட்டை வீட்டுக்கு வந்து எழுதலாம் என்று தள்ளிப்போடாதீர்கள். 1895இல் ஹார்வர்டில் ஒலி தெளிவில்லாத ஒரு விரிவுரை அரங்கை ஆராயத் தொடங்கிய வாலஸ் சேபின், ஓர் ஆர்கன் குழாயையும் நிறுத்தக் கடிகாரத்தையும் கொண்டு, பக்கத்து அரங்கின் இருக்கை மெத்தைகளைச் சுமந்துவந்து அடுக்கியே, ஒலியை விழுங்கும் பொருள் கூடக் கூட எதிர்முழக்கம் குறைவதை நிறுவினார். ஆகவே திரைச்சீலைகள், விரிப்புகள், உள்ளே இருந்தோர் எண்ணிக்கை, திறந்திருந்த கதவுகள், வெப்பநிலை, ஈரப்பதம் என யாவும் குறிக்கப்பட வேண்டும். இவையில்லாத பதிவை இன்னொரு பதிவுடன் ஒப்பிட முடியாது.

கணினியில் மூலக் கோப்பைத் தொடாமல் ஒரு பிரதியை ஆடாசிட்டி என்னும் ஒலித்தொகுப்பு மென்பொருளில் திறந்து, அலைவடிவத்தை டெசிபல் அளவில் காட்டச் செய்யுங்கள். ஒலி 60 டெசிபல் குறைய ஆகும் நேரமே எதிர்முழக்க நேரம். ஆனால் பின்னணி இரைச்சல் அதன் கடைப்பகுதியை மறைத்துவிடும் என்பதால், 5 டெசிபல் குறைந்த புள்ளியிலிருந்து 35 டெசிபல் குறைந்த புள்ளி வரையிலான நேரத்தை அளந்து இரட்டிப்பாக்குங்கள். வெடிப்பின் தொடக்கத்திலிருந்து அடங்கும் வரை வெட்டியெடுத்த துண்டுக்கு இம்பல்ஸ் ரெஸ்பான்ஸ் என்று பெயர். ஓரிடத்தின் முழக்கத்தை வேறோர் ஒலியின் மேல் ஏற்றித் தரும் கன்வல்யூஷன் வகைச் செருகுநிரல் (மென்பொருளுடன் இணைக்கும் துணை நிரல்) ஒன்றில் அதை ஏற்றினால், வீட்டறையில் பதிந்த குரலையும் அந்த மண்டபத்துக்குள் ஒலிப்பதுபோலக் கேட்கலாம்.

ஒலிக்கலையில் ஆர்வமுள்ளோர் இன்னொன்றும் செய்து பார்க்கலாம். அமெரிக்க இசையமைப்பாளர் ஆல்வின் லூசியர் 1969இல் கையாண்ட முறை அது: பேச்சைப் பதிந்து, அதே அறையில் ஒலிபெருக்கியில் ஒலிக்கவிட்டு, மீண்டும் பதிந்து, அந்தப் பதிவையும் மறுபடி ஒலிக்கவிட வேண்டும். பலமுறை தொடர்ந்தால் சொற்கள் கரைந்து, அறையின் ஒத்ததிர்வுச் சுரங்கள் மட்டும் நிற்கும். அரங்கின் சுருதியைக் காது நேரடியாக அறிய இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

இறுதியாக, கோப்பின் பெயரில் ஊர், கட்டடம், தேதி, பதிவு எண் நான்கும் இருக்கட்டும். மூன்று பிரதிகள் எடுத்து, ஒன்றை வேறோர் ஊரில் வையுங்கள். குறிப்பேட்டுப் பக்கத்தின் படத்தை ஒலிக்கோப்புடன் ஒரே கோப்புறையில் சேர்த்து, அனுமதி தந்த பொறுப்பாளருக்கும் ஒரு பிரதி கொடுத்துவிடுங்கள்.