வலி மாத்திரையை நிறுத்திய பாட்டி: அட்ரினல் விஷயத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

குடியாத்தம், ஆம்பூர் பக்கம் புதிதாக கிளினிக் போடும் தம்பி தங்கைகளையும், வார்டுக்கு வரும் ஹவுஸ் சர்ஜன்களையும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். சிறுநீரகத்துக்கு மேலே உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பி விஷயத்தில் எங்கள் செட் சறுக்கிய அதே இடங்களில்தான் இவர்களும் சறுக்குகிறார்கள். ஸ்டீராய்டு சாப்பிட்டால் சர்க்கரை ஏறும், முகம் ஊதும், எலும்பு தேயும் என்பதெல்லாம் எல்லாருக்கும் தெரிந்தது. அதற்குள் போகவில்லை.

வாந்தியோடு வந்தவரிடம் மாத்திரையைப் பற்றிச் சரியாகக் கேட்காமல் விடுவது

எனக்கு இன்றைக்கும் ஆத்திரம் வருவது இதில்தான்.

பீடி சுற்றும் பாட்டி ஒருவர். ஒரு வாரமாகச் சாப்பாடு இறங்கவில்லை, வாந்தி, எழுந்து நின்றால் தலைசுற்றல். மே மாதத்து வேலூர் வெயிலில் இப்படி யார் வந்தாலும் மனசு முதலில் வெயில் பக்கம்தான் போகும். முதலில் பார்த்த இடத்தில் கேஸ் டிரபிள் என்று ஒரு ஊசி, ஒரு பாட்டில் குளுக்கோஸ், மறுநாள் எண்டோஸ்கோப்பிக்குச் சீட்டு. எங்களிடம் வந்தபோது பிபி 80-ஐத் தாண்டவில்லை, சோடியம் 121, சர்க்கரை 58, எல்லாமே தாழ்வு. "ஸ்டீராய்டு ஏதாவது சாப்பிடறீங்களா பாட்டி?" என்று பயிற்சி மருத்துவர் கேட்டார், பாட்டி இல்லை என்று தலையாட்டினார், கேஸ் ஷீட்டிலும் "இல்லை" என்று ஏறிவிட்டது. அந்தக் கேள்விக்கு நம் ஊரில் யார் ஆமாம் என்று சொல்வார்கள்? "முட்டி வலிக்கு என்ன போட்டுக்குவீங்க?" என்று மாற்றிக் கேட்டதும் இடுப்பிலிருந்த சுருக்குப் பையை அவிழ்த்து, வெற்றிலைக்கு நடுவிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்தார். உள்ளே கத்தரித்த ஸ்ட்ரிப் துண்டு, அதில் "டெக்ஸா" என்று பாதிப் பெயர்.

"வலி மாத்திர தாம்பா. கெட்டதுன்னு எம்மருமவ சொல்லிச்சி, நிறுத்திப் பத்து நாளாவுது."

மருமகள் சொன்னதில் தப்பே இல்லை. எப்படி நிறுத்துவது என்று சொல்லத்தான் ஆள் இல்லை.

அட்ரினல் ஒரு நாளைக்குச் சுரக்கும் கார்டிசால், அதாவது உடம்பின் சொந்த ஸ்டீராய்டு, ஏறக்குறைய 10 மி.கி.தான். பாட்டியின் "டெக்ஸா" போன்ற 0.5 மி.கி. டெக்ஸாமெத்தசோன் ஸ்டீராய்டு மாத்திரை ஒன்றே அந்தத் தேவையை முடித்துவிடும். வெளியிலிருந்து வந்துகொண்டே இருந்தால் மூளையின் அடியில் இருக்கும் பிட்யூட்டரி, அட்ரினலை வேலை வாங்கும் ஏசிடிஎச் ஹார்மோனை அனுப்புவதை விட்டுவிடுகிறது, அட்ரினலின் வெளிப்பகுதி சுருங்கிப் போகிறது. அது மறுபடி விழித்துக்கொள்ள மாதக்கணக்கில் ஆகும், சிலருக்கு ஒரு வருடத்துக்கு மேலேயும். அதற்குள் மாத்திரையைச் சட்டென்று நிறுத்தினாலோ, நிறுத்தியிருக்கும்போது காய்ச்சலோ ஆபரேஷனோ வந்தாலோ உடம்பு தாங்காது.

இதில் பிள்ளைகள் ஏமாறுவது எங்கே என்றால், 1855-இல் தாமஸ் அடிசன் எழுதிய, அட்ரினலே அழிந்துபோகும் நோயைப் பாடத்தில் படித்துவிட்டு, தோல் கறுக்கவில்லையே, பொட்டாசியம் ஏறவில்லையே, அப்படியானால் அட்ரினல் இல்லை என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். டிபி அட்ரினலையே அரித்துவிட்டால் ஏசிடிஎச் எகிறும், அதனால் தோல் கறுக்கும். உள்ளங்கை ரேகை, ஈறு எல்லாம் கறுக்கும். மாத்திரையால் அடங்கிப் போனவருக்கோ ஏசிடிஎச்சே குறைவு, எப்படிக் கறுக்கும்? உடம்பில் உப்பைக் காக்கும் அட்ரினல் ஹார்மோனான ஆல்டோஸ்டிரோன் சிறுநீரகத்து ரெனினின் பேச்சைக் கேட்டு வழக்கம்போல் வேலை செய்யும், அதனால் பொட்டாசியமும் நார்மலாகவே இருக்கும்.

சந்தேகம் வந்ததும் ரத்தத்தை எடுத்து வைத்துக்கொண்டு, ரிப்போர்ட்டுக்குக் காத்திராமல் ஹைட்ரோகார்டிசோன் 100 மி.கி. நரம்பில் போடுங்கள், கூடவே நார்மல் சலைன். வெறும் குளுக்கோஸ் ஏற்றினால் சோடியம் இன்னும் இறங்கும். சர்க்கரை குறைவாக இருந்தால் குளுக்கோஸைச் சலைனோடு சேர்த்துக் கொடுக்க வேண்டும். பாட்டி மறுநாள் காலையில் உட்கார்ந்து இட்லி சாப்பிட்டார். எண்டோஸ்கோப்பிக்குத் தேவையே வரவில்லை.

அதனால் கேள்வியை மாற்றுங்கள். வலிக்கு என்ன, மூச்சுக்கு என்ன, உடம்பு ஏறுவதற்கு என்ன, முட்டியில் ஊசி போட்டார்களா, முகத்துக்கு என்ன கிரீம். தோல் பதனிடும் ஷாப்பில் வேலை செய்கிறவர் என்றால் கை அரிப்புக்கு என்ன தடவுகிறார், என்ன விழுங்குகிறார் என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். மாத்திரையைக் கண்ணால் பார்க்காமல் "இல்லை" என்று எழுதாதீர்கள். 1948-இல் அமெரிக்க மருத்துவர் பிலிப் ஹென்ச் முடக்குவாதத்துக்கு கார்டிசோன் என்ற ஸ்டீராய்டைக் கொடுத்தபோது படுத்துக் கிடந்தவர் எழுந்து நடந்தார், 1950-இல் நோபல் பரிசே வந்தது. அப்படி வலியை எடுக்கிற மருந்தை ஜனங்கள் தேடிப் போவதைக் குற்றம் சொல்லி என்ன பயன்? திட்டினால் அடுத்த தடவை பொட்டலத்தை ஒளித்து வைப்பார்கள்.

நாள் கணக்கு வைத்து நிறுத்துவது

பிரெட்னிசொலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரையை 5 மி.கி. வரைக்கும் நோய் எப்படி இருக்கிறது என்று பார்த்துக் குறைக்கலாம். அதற்குக் கீழே மெதுவாகத்தான் போக வேண்டும். நிறுத்துவதற்கு முன்னால், அன்றைய மாத்திரையைப் போடாமல் காலை 8 மணிக்கு கார்டிசால் பாருங்கள். டெசிலிட்டருக்கு 10 மைக்ரோகிராமுக்கு மேல் இருந்தால் நிறுத்தலாம், 5-க்குக் கீழே என்றால் கூடவே கூடாது. நடுவில் காய்ச்சல் வந்தால் மாத்திரையை இரட்டிப்பாக்க வேண்டும் என்பதை வீட்டில் விவரம் புரிந்த ஒருவரிடமாவது சொல்லி, சீட்டிலும் எழுதிக் கொடுங்கள்.

குறைபாட்டைத் தேடும்போது மாலை 4 மணி கார்டிசால்

மாலையில் கார்டிசால் எல்லாருக்கும் இறங்கித்தான் இருக்கும். காசுக்குத் தண்டம்.

"அட்ரினல் சோர்வு"

களைப்புக்கெல்லாம் இந்தப் பெயரைச் சூட்டுகிறார்கள். அப்படி ஒரு நோய் கிடையாது.

மூன்று பிபி மாத்திரைக்கும் அடங்காதவருக்கு நான்காவதை எழுதுவது

அதற்கு முன் ஆல்டோஸ்டிரோன், ரெனின் இரண்டையும் பாருங்கள். பொட்டாசியம் நார்மலாக இருக்கிறதே என்று விட்டுவிடக் கூடாது, அட்ரினல் ஆல்டோஸ்டிரோனை அளவுக்கு மேல் சுரக்கும் நோயில் பாதிப் பேருக்கு மேல் நார்மலாகத்தான் இருக்கும். இருமலுக்கு அதிமதுரம் தினமும் மெல்கிறாரா என்றும் கேளுங்கள். அதுவும் பிபியை ஏற்றி, பொட்டாசியத்தை இறக்கும்.

இரண்டு வார ஆண் குழந்தையின் வாந்தி

பிறவியிலேயே அட்ரினலில் 21-ஹைட்ராக்சிலேஸ் என்சைம் குறைவாக இருக்கும் நோயைச் சொல்கிறேன். பெண் குழந்தை என்றால் பிறப்புறுப்பின் மாற்றமே காட்டிக் கொடுத்துவிடும். ஆண் குழந்தை பார்வைக்குச் சரியாக இருக்கும், இரண்டாவது மூன்றாவது வாரத்தில் உப்பை இழந்து சுருண்டுவிடும். அக்கா மகள், மாமன் மகள் என்று சொந்தத்தில் கட்டுகிற நம் பக்கத்தில் இதற்கு வாய்ப்பு அதிகம். தாய்ப்பால் ஒத்துக்கொள்ளவில்லை என்று சொல்லி அனுப்புவதற்கு முன்னால் சோடியம், பொட்டாசியம் பாருங்கள். இதற்கு முன் பிறந்த குழந்தை ஏதாவது இப்படியே வாந்தியெடுத்துப் போனதா என்று தாயிடம் தனியாக, பொறுமையாகக் கேளுங்கள்.