மரப்பெரணிக்குத் தண்டில்தான் தண்ணீர் ஊற்ற வேண்டும்

கோலாலம்பூர் செந்தூலில் எங்கள் தொடர் வீட்டின் பின்பக்கம், மதில் சுவருக்கும் துணி காயப்போடும் கம்பிக்கும் நடுவில் ஒரு மரப்பெரணி, அதாவது மரம் போலத் தண்டுவிட்டு வளரும் பெரணி, நிற்கிறது. வைத்து நான்கு வருடம் ஆகிறது, இப்போது ஓலைகள் கம்பியைத் தாண்டிவிட்டன. இது இரண்டாவது செடி. முதல் செடி எட்டே மாதத்தில் போய்விட்டது, அது ஏன் போனது என்று புரிவதற்கு எனக்கு இன்னும் ஆறு மாதம் பிடித்தது. புதிதாக வளர்க்க நினைப்பவர்களுக்கு அந்த இழப்பு வேண்டாம் என்றுதான் எழுதுகிறேன்.

முதலில் எந்தச் செடி என்று முடிவு செய்யுங்கள். இணையத்தில் தேடினால் பெரும்பாலும் டிக்சோனியா அண்டார்க்டிகாதான் வரும். டாஸ்மேனியா, விக்டோரியா பக்கத்து ஈரக் காடுகளில் வளர்வது, குளிருக்குப் பழகியது. கோலாலம்பூரில் ராத்திரியில்கூடப் பெரிதாகக் குளிராது, அந்தப் புழுக்கத்தில் அதை வைத்து வதைக்க வேண்டாம். நம் ஊருக்கு நம் காட்டுச் செடிதான் சரி. சயேத்தியா லேட்டப்ரோசா தாழ்வான காடுகளிலிருந்து மலை வரைக்கும் இங்கே தானாகவே வளர்கிறது, தண்டு மெலிசாக இருக்கும், சின்ன இடத்துக்குப் பொருந்தும். கேமரன் மலைக்கு ஏறும்போது ரோட்டோரச் சரிவுகளில் பெரிய குடையாக விரிந்து நிற்கிறதே, அது பெரும்பாலும் சயேத்தியா கண்டாமினன்ஸ். காம்பு முழுக்க முள், ஓலையின் அடிப்பக்கம் வெளிறிய நீலம். பார்த்தால் ஆசையாகத்தான் இருக்கும், ஆனால் அது மிகப் பெரிதாகும், தொடர் வீட்டுக்கு ஆகாது.

காட்டிலிருந்து தோண்டிக்கொண்டு வராதீர்கள். சயேத்தியா வகைகள் எல்லாமே, அழியக்கூடிய செடிகளையும் விலங்குகளையும் நாடு விட்டு நாடு விற்பதைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் இருக்கின்றன. அது மட்டுமல்ல, பெயர்த்த செடி பிழைப்பதும் கஷ்டம். நான் சுங்கை பூலோவில் நர்சரி நர்சரியாக நடந்து பார்த்து, முழங்கால் உயரச் செடி ஒன்றை வாங்கினேன். உயரமானதை வாங்கி உடனே அழகு பார்க்கலாம் என்று தோன்றும், வேண்டாம். சின்னச் செடிதான் புது இடத்துக்குச் சீக்கிரம் பழகும். வாங்கும்போது பையின் அடியில் இருக்கும் ஓட்டைகளைப் பாருங்கள், வேர் எட்டிப் பார்க்க வேண்டும். தண்டைப் பிடித்து மெல்ல அசைத்தால் மண்ணும் சேர்ந்து அசைய வேண்டும். அண்டார்க்டிகாவை வேரில்லாத கட்டையாக வெட்டி விற்பார்கள், அது மறுபடி வேர்விடும். சயேத்தியாவிடம் அதை எதிர்பார்க்க முடியாது. என் முதல் செடியை வேறொரு இடத்தில் வாங்கினேன், அதன் வேரில் பாதியை வெட்டித்தான் பையில் வைத்திருந்தார்கள் என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது.

நடுவது சுலபம். தேங்காய் நார்த்தூள், மக்கிய இலை, கொஞ்சம் பருமணல். வேர் இருக்கும் வரைக்கும் மட்டும் மண், தண்டைப் புதைக்காதீர்கள். காலை வெயில் படலாம், மதிய வெயில் கூடாது. அப்படி ஓர் இடம் இல்லையென்றால் வெயிலில் 70 சதவீதத்தைத் தடுக்கும் கறுப்பு நிழல் வலை கட்டிவிடுங்கள்.

சரி, இப்போது தண்ணீர். நான் தவறியது இங்கேதான்.

முதல் செடிக்கு, மற்றப் பூச்செடிக்கு ஊற்றுவது போலவே தினமும் காலையில் தொட்டி மண்ணில் ஊற்றினேன். மண் எப்போதும் ஈரமாகத்தான் இருந்தது. பிப்ரவரியில் மழை இல்லாத இரண்டு வாரம் வந்தது. உச்சியில் சுருண்டிருந்த மூன்று குருத்துகளும் கட்டைவிரல் அளவிலேயே நின்றுவிட்டன, விரியவே இல்லை. தண்ணீர் போதவில்லை என்று நினைத்து மண்ணில் இன்னும் ஊற்றினேன். ஒரு நாள் தண்டைத் தொட்டுப் பார்த்தேன். அடியில் சொதசொதவென்று இருந்தது, ஒரு சாண் மேலே கை வைத்தால் பழைய தேங்காய் மட்டை மாதிரி காய்ந்து, தேய்த்தால் பொடியாக உதிர்ந்தது. குருத்து ஒன்றை நசுக்கினேன். மேலே பழுப்புச் செதில், உள்ளே ஒன்றுமில்லை.

மரப்பெரணியின் தண்டு மாமரத் தண்டு போன்றது அல்ல. நடுவில் இருக்கும் மெல்லிய தண்டைச் சுற்றி வேர்கள் பின்னிப் பின்னித்தான் அந்தப் பருமன் வருகிறது. நாம் பட்டை என்று நினைப்பது வேர். காட்டில் ஈரக்காற்றும் மழையும் மேலிருந்து வழிந்து அந்த வேர்களை நனைத்துக்கொண்டே இருக்கும். அதனால் தண்ணீரைத் தண்டின் மேல் பகுதியில், ஓலைக் காம்புகளுக்குச் சற்றுக் கீழே ஊற்றி, வழிய விடுங்கள். தண்டு முழுக்கக் கறுத்து நனைந்து, கீழே மண்ணுக்கு வந்து சேரும் வரைக்கும் ஊற்ற வேண்டும். மழையில்லாத நாளில் காலையும் மாலையும் ஊற்றுகிறேன், மழை பெய்தால் விட்டுவிடுவேன்.

கைக்கடக்கமான ஸ்பிரே பாட்டில் இதற்கு உதவாது, கைதான் வலிக்கும், தண்டு நனையாது. இரண்டு லிட்டர் பம்ப் ஸ்பிரேயர் வாங்குங்கள். வேலைக்குப் போகிறவர்கள் சொட்டுநீர்க் குழாய் ஒன்றைத் தண்டின் உச்சியில் கட்டி டைமர் வைத்துவிடலாம், இப்போது நான் அப்படித்தான் செய்கிறேன். தண்டைச் சுற்றித் தென்னந்தும்பை ஒரு விரல் கனத்துக்கு வைத்துக் கயிற்றால் தளர்வாகக் கட்டினால் ஈரம் நிற்கும். பாசி கட்டச் சொல்கிறார்கள், அது விலை அதிகம், தும்பே போதும்.

உரம் மிகக் குறைவாகப் போடுங்கள். திரவ உரத்தை டப்பாவில் சொல்லியிருக்கும் அளவில் பாதியாகக் கரைத்து, மாதம் ஒரு முறை. காய்ந்த ஓலையைப் பிடித்து இழுக்காதீர்கள், காம்பில் நாலு விரல் விட்டு வெட்டுங்கள். வெட்டும்போது முகக்கவசமும் நீளக் கைச்சட்டையும் போட்டுக்கொள்ளுங்கள், அந்தச் செதில் தூள் மூக்கில் போனாலும் தோலில் பட்டாலும் அரிக்கும்.

பிறகு சேர்த்தது: தொட்டிக்கு அடியில் தட்டு வைக்கலாமா என்று சிலர் கேட்டார்கள். வைக்காதீர்கள். இவ்வளவு ஊற்றுகிற செடிக்குத் தட்டு வைத்தால் தண்ணீர் தேங்கி ஏடிஸ் கொசு முட்டையிடும், ஒரு வாரம் பத்து நாளில் பறக்க ஆரம்பித்துவிடும். டிங்கிக் காய்ச்சல் வந்த வீட்டுக்காரர்களைக் கேட்டால் தெரியும். செங்கல் மேல் தொட்டியை வைத்து, தண்ணீர் சாக்கடைக்கு ஓட வழி செய்யுங்கள்.

இன்னொரு கேள்வி, சுருண்ட குருத்தைப் பறித்துச் சம்பால் பிளாச்சான் போட்டு வதக்கலாமா என்பது. பாசாரில் கட்டுக் கட்டாக விற்கும் பூச்சோக் பாக்கு என்ற பெரணிக் கீரை வேறு செடி, டிப்ளாசியம் எஸ்குலெண்டம். மரப்பெரணிக்கு உச்சியில் ஒரே ஒரு வளரும் முனைதான், கிளை விடாது. அந்த முனை செத்தால் இந்த மரமும் செத்துவிடும். குருத்தைக் கிள்ளாதீர்கள்.

குளிர்நாட்டில் இருப்பவர்களுக்கும் இதே முனைதான் கவலை. மான்செஸ்டரில் இருக்கும் என் தங்கச்சி அண்டார்க்டிகா வைத்திருக்கிறாள், அவளுக்கு நான் போனிலேயே சொல்லிச் சொல்லிச் செய்ய வைத்தேன். உறைபனி ஆரம்பிக்கும் முன், நவம்பரில், உச்சிக்குழியில் காய்ந்த வைக்கோலைக் கைப்பிடி கைப்பிடியாக அமுக்கி நிரப்ப வேண்டும். அப்புறம் ஓலைகளை மேலே மடக்கி அதன் மேல் கட்டி, தோட்டத்துக்கு விற்கும் வெள்ளைத் துணியாலோ சாக்காலோ சுற்ற வேண்டும். மைனஸ் 5 டிகிரிக்குக் கீழே போகும் இடம் என்றால் தண்டையும் சேர்த்துச் சுற்றுங்கள். பிளாஸ்டிக் தாள் மட்டும் வேண்டாம், உள்ளே வேர்த்து அழுகிவிடும். கடுங்குளிரில் உச்சியில் தண்ணீர் ஊற்றக்கூடாது, குழியில் நின்று உறைந்தால் முனை போய்விடும். தொட்டியில் இருந்தால் பனி படாத கொட்டகைக்குள் நகர்த்துவது இன்னும் நல்லது, ஆனால் தண்டு காய்ந்துவிடாமல் அவ்வப்போது லேசாக நனையுங்கள்.

மேலே உள்ள ஓலைகள் குளிரில் கருகிப்போனால் பயப்பட வேண்டாம். போன மார்ச் கடைசியில் அவள் வைக்கோலை எடுத்துவிட்டு, ஓலை ஒன்றுகூடப் பச்சையாக இல்லை, செத்துவிட்டது என்று அழாத குறையாகப் பேசினாள். குழிக்குள் விரலை விட்டுப் பார் என்றேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், “அக்கா, உருண்டை உருண்டையா கெட்டியா இருக்கு” என்றாள்.