பரணில் கிடக்கும் கொமடோர் 64ஐ மறுபடி ஓட வைப்பது எப்படி

1982ல் வந்த வீட்டுக் கணினியான கொமடோர் 64ஐச் செய்த நிறுவனம் 1994ல் திவாலானது. பெயர் பல கை மாறியது. 2025ல் அதை வாங்கிய புதிய நிறுவனம், பழைய சுற்றமைப்பை எஃப்பிஜிஏ (உள்சுற்றை வேண்டியபடி அமைத்துக்கொள்ளக்கூடிய) சிப்பில் மறுபடி உருவாக்கி ‘கொமடோர் 64 அல்டிமேட்’ என்று விற்கிறது. எச்டிஎம்ஐ கேபிளைச் செருகினால் போதும் என்பவர்களுக்கு அது சரி. அசல் இயந்திரமே கையில் இருந்தால், கீழே உள்ள வரிசையில் போங்கள்.

முதலில் பவர் சப்ளை. “ஓடுகிறதா பார்க்கலாமே” என்று பழைய சப்ளையைச் செருகி சுவிட்சைப் போடுவதுதான் பெரும்பாலான இயந்திரங்களைக் கொல்கிறது. பிசின் ஊற்றி அடைத்த அந்தப் பெட்டிக்குள் இருக்கும் 5 வோல்ட் ரெகுலேட்டர் சூட்டில் வெந்து பழுதானால், அளவு மீறிய வோல்டேஜ் நேராக ராம் சிப்களில் பாயும். ஃபியூஸ் காப்பாற்றாது, அது 9 வோல்ட் பாதையில்தான் இருக்கிறது.

இயந்திரத்தில் செருகாமலே அளந்து பாருங்கள். 7 முனை டின் பிளக்கில் 5ஆம் முனை 5 வோல்ட் டிசி, 2ஆம் முனை கிரவுண்ட், 6க்கும் 7க்கும் நடுவே 9 வோல்ட் ஏசி. சும்மா அளந்தால் எல்லாம் நன்றாகத்தான் தெரியும். 5ஆம் முனைக்கும் 2ஆம் முனைக்கும் நடுவே 4.7 ஓம், 10 வாட் ரெசிஸ்டர் ஒன்றை மாட்டி அரை மணி நேரம் விட்டு அளக்க வேண்டும். ரெசிஸ்டர் கை வைக்க முடியாத அளவு சுடும், கவனம். 5.25ஐத் தாண்டினால் அந்தச் சப்ளையைத் தூக்கிப் போடுங்கள். இன்று நன்றாக அளவு காட்டினாலும் நாளைக்கு உத்தரவாதம் இல்லை என்பதால், புதிதாக ஒன்று வாங்குவதே எங்கள் யோசனை. சொந்தமாகச் செய்தால் 5 வோல்ட் 3 ஆம்பியர் எஸ்எம்பிஎஸ் ஒன்று, 9 வோல்ட் 1 ஆம்பியர் டிரான்ஸ்ஃபார்மர் ஒன்று. 9 வோல்ட்டுக்கு டிசி அடாப்டர் ஆகாது: ஒலி சிப்புக்கான 12 வோல்ட்டைப் பழைய போர்டுகள் அந்த ஏசியிலிருந்துதான் எடுக்கின்றன.

சப்ளை சரியென்றால் இயக்குங்கள். ‘38911 பேசிக் பைட்ஸ் ஃப்ரீ’ என்று வந்தால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. எண் குறைந்திருந்தால் ராமில் கோளாறு. திரை கறுப்பாகவே இருந்தால் முதல் சந்தேகம், எந்த முகவரிக்கு எந்தச் சிப் பதில் சொல்ல வேண்டும் என்று தீர்மானிக்கும் பிஎல்ஏ சிப் மேல். அதற்கு மாற்றுச் சிப்கள் இன்று புதிதாகவே கிடைக்கின்றன. அடுத்து ராம்: எட்டு 4164 சிப்களில் ஒன்று மட்டும் மற்றவற்றைவிடச் சுட்டால் அதுதான் ஆள். பிஎல்ஏ, விக் (படச் சிப்), சிட் (ஒலி சிப்) மூன்றும் இயல்பாகவே சுடும், அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். விசைப்பலகை வேலை செய்யவில்லை என்றால், விசைப்பலகை, டிஸ்க் டிரைவ் போன்றவற்றைக் கவனிக்கும் இரண்டு 6526 சிப்களும் சாக்கெட்டில் இருக்கும்பட்சத்தில், ஒன்றை மற்றதன் இடத்தில் மாற்றிப் போடுங்கள். விசைகள் சரியாகி டிஸ்க் டிரைவ் நின்றுபோனால் சிப்தான் பழுது.

சிட் மாற்றும்போது நம்பரைப் பாருங்கள். 6581க்கு 12 வோல்ட், 8580க்கு 9. 12 வோல்ட் போர்டில் 8580ஐப் போட்டால் சிப் போய்விடும். கெப்பாசிட்டர்களை மொத்தமாக மாற்றும் பழக்கம் கொமடோரின் பிற்காலக் கணினிகளான அமிகா 600, 1200 பக்கமிருந்து வந்தது. இந்தப் போர்டுக்குப் பெரும்பாலும் தேவையில்லை.

டிஸ்க் டிரைவுக்குப் பதிலாக, எஸ்டி கார்டிலிருந்து படிக்கும் எஸ்டி2ஐஇசி மலிவானது. கார்டை எஃப்ஏடி32 ஆக ஃபார்மேட் செய்யுங்கள். 64 ஜிபி கார்டுகள் எக்ஸ்ஃபேட்டில் வருவதால் அப்படியே போட்டால் படிக்காது. இது கொமடோரின் அசல் 1541 டிஸ்க் டிரைவின் உள்ளே இருக்கும் ப்ராசஸரைப் போலச் செய்யாது. டிரைவுக்குள்ளேயே தன் நிரலை ஏற்றும் ஃபாஸ்ட்லோடர் விளையாட்டுகள் பல அதனால்தான் பாதியில் தொங்குகின்றன. அவற்றுக்கு ராஸ்பெர்ரி பை சிறு கணினியில் ஓடும் பை1541 அல்லது 1541 அல்டிமேட் கார்ட்ரிட்ஜ் வேண்டும்.

படத்துக்கு எஸ்-வீடியோ கேபிள் நல்லது. நிறத்தில் கட்டம் கட்டமாகத் தெரிந்தால் குரோமா (நிறச் சிக்னல்) கம்பியில் 300 ஓம் ரெசிஸ்டர் ஒன்றைத் தொடராகச் சேருங்கள்.

புது நிரல் எழுத கணினியில் 64டாஸ் போன்ற அசெம்ப்ளர், சோதிக்க, கொமடோர் 64 போலவே கணினியில் நடிக்கும் வைஸ் எமுலேட்டர். வைஸில் உங்கள் இயந்திரத்தின் வகையையே தேர்ந்தெடுங்கள்: பால் (ஐரோப்பிய டிவி முறை) இயந்திரத்தில் திரையின் ஒரு வரிக்கு 63 ப்ராசஸர் சுழற்சி, புதிய என்டிஎஸ்சியில் (அமெரிக்க முறை) 65, நேரக் கணக்கில் ஓடும் நிரல் ஒன்றில் ஓடி மற்றதில் சிதறும். பிஆர்ஜி என்ற நிரல் கோப்பின் முதல் இரண்டு பைட் ஏற்ற வேண்டிய முகவரி. பேசிக் பகுதிக்கு அவை 01, 08. இவை விடுபட்டால் நிரலின் முதல் இரண்டு பைட்டையே முகவரி என்று எடுத்துக்கொண்டு எங்கோ ஏற்றிவிடும். கோப்பின் பெயர் 16 எழுத்துக்குள் இருக்கட்டும்.