சப்ரஷன் விதி எழுதும்போது வழுக்கும் இடங்கள்

சப்ரஷன் என்றால் சுட்டுச் சுட்டே எதிரியை அடக்கி வைப்பது. பொம்மை வீரர்களையும் பகடையையும் வைத்து மேசையில் ஆடும் இரண்டாம் உலகப்போர் பிளட்டூன் (சில குழுக்கள் சேர்ந்த சிறு படைப்பிரிவு) ஆட்டத்துக்குப் புதிதாக யார் இந்த விதி எழுதினாலும் பழைய பிழைகளே திரும்பத் திரும்ப வருகின்றன. குழு எவ்வளவு அடங்கியிருக்கிறது என்று காட்டும் மார்க்கரின் நிறம், அளவு, அதை எங்கே வைப்பது என்பதெல்லாம் இரண்டு ஆட்டத்தில் தானே சரியாகிவிடும். தானாகச் சரியாகாதவை இவை.

அடிபட்டால்தான் அடங்குவான் என்று எழுதுவது

மெஷின் கன்னுக்கு ஆளைக் கொல்வதைவிடப் பெரிய வேலை, தலையைத் தூக்க விடாமல் வைப்பது. இரண்டையும் ஒரே வீச்சில் வாங்கலாம். பிரென் (பிரிட்டிஷ் லைட் மெஷின் கன்) குழுவுக்கு 6 பகடை கொடுங்கள். 4, 5, 6 எது விழுந்தாலும் ஒரு மார்க்கர். 6 என்றால் கூடவே உயிரிழப்புக்கு ஒரு தனி ரோல். சராசரியாக 3 மார்க்கர், ஒரு உயிரிழப்பு ரோல். கல்சுவரும் புதர்வேலியும் அந்த இரண்டாவது ரோலை மட்டும் தொடட்டும். மறைவு மார்க்கரையும் குறைத்தால், நார்மண்டி வேலிக்குப் பின்னால் கிடப்பவனை யாராலும் அடக்க முடியாது.

ஒரே மார்க்கர், மூன்று தண்டனை

எத்தனை முறை பார்த்தாலும் எரிச்சல் மூட்டும் பிழை இதுதான். மார்க்கர் ஒன்றுக்குச் சூட்டில் -1, நகர்வில் -1, மீளும் ரோலிலும் -1. தாளில் அழகாகத்தான் இருக்கும்.

மேசையில் பாருங்கள். இரண்டு பகடையின் கூட்டுத்தொகை 9 அல்லது அதற்குக் கீழே வந்தால் மீளலாம் என்று விதி. மார்க்கர் இல்லாதபோது 36-இல் 30 வாய்ப்பு. மார்க்கர் ஒன்றுக்கு அந்த 9 ஒன்று குறையும்: முதல் டர்னில் 3 மார்க்கர் விழுந்தால் வாய்ப்பு 15. மீளாமல் அடுத்த டர்னில் இன்னும் 3 வாங்கினால் வெறும் 3. பத்துப் பேரும் உயிரோடு இருக்கிறார்கள், ஆனால் அந்த ஆட்டக்காரருக்கு இனி மேசையில் வேலையில்லை. திருப்பிச் சுட முடியாததால் எதிரியின் சூடும் குறையப் போவதில்லை. முதலில் சுட்டவர் ஜெயித்துவிட்டார். பரமபதத்தில் பாம்பு கீழே இறக்கும், கையிலிருக்கும் பகடையைப் பிடுங்காது. இந்த விதி அதையும் பிடுங்குகிறது.

உடனே ‘அதிகாரி பக்கத்தில் இருந்தால் +2’ என்று ஒட்டுப் போடுவார்கள். அப்புறம் அதிகாரி இல்லாத குழு எதுவும் அசையாது. ‘டர்னுக்கு 2 மார்க்கர் எடு’ என்பதும் உதவாது: 3 வருகிறது, 2 போகிறது, அதே சரிவு கொஞ்சம் மெதுவாக நடக்கும்.

மீள்வதற்கு மார்க்கர் ஒவ்வொன்றுக்கும் ஒரு பகடை உருட்டுங்கள், 4 அல்லது மேலே வந்தால் அது போய்விடும். நிறைய இருந்தால் நிறையப் போகும். டர்னுக்கு 3 வந்துகொண்டிருந்தால், மீண்டபின் கையில் நிற்பது போகப்போக 3-ஐ நெருங்கும், அதைத் தாண்டி ஏறிக்கொண்டே போகாது. சூடு நின்றால் இரண்டு மூன்று டர்னில் கரைந்துவிடும். தண்டனையையும் பிரித்துவிடுங்கள்: மார்க்கர் ஒன்றுக்கு ஒரு சூட்டுப் பகடை குறையட்டும், ஒன்றாவது மிஞ்சட்டும். மீண்டபின்னும் 3 அல்லது அதற்கு மேல் மார்க்கர் இருந்தால் முன்னேறக் கூடாது, பின்வாங்கலாம்.

இந்தக் கணக்கில் ஒரு பிரென் மட்டும் சுட்டால் எதிரி அடங்குவான் என்று நிச்சயமாகச் சொல்ல முடியாது. ஒரு பிரென் வைத்திருக்கும் பத்துப் பேர் குழுதான் செக்‌ஷன். இரண்டு செக்‌ஷன் சுட்டால் பெரும்பாலும் அடங்குவான், மூன்றாவது சுற்றி வரும். பிரிட்டிஷ் பிளட்டூனில் இருப்பதும் மூன்று செக்‌ஷன்தான். சுற்றுவழி 12 அங்குலம், நகர்வு 6 அங்குலம் என்றால் எதிரியை 2 டர்ன் அடக்கி வைத்திருக்க வேண்டும். விதியை எழுதி முடிக்கும் முன் இதைத் தனியாக உட்கார்ந்து இருபது முறை உருட்டிப் பாருங்கள்.

டர்ன் முடிவில் எல்லா மார்க்கரையும் எடுப்பது

வேண்டாம்.

உச்சவரம்பு வைக்காமல் விடுவது

குழுவில் எத்தனை பேரோ அத்தனை மார்க்கர் போதும்.

டாங்கிக்கும் அதே விதி

ரைபிள் சூட்டுக்கு டாங்கி அடங்காது, ஹேட்ச்சை மூடிக்கொள்ளும். பார்வையை மட்டும் குறையுங்கள்.

அடக்கியவனை என்ன செய்வது என்று எழுதாமல் விடுவது

கைகலப்பில் மார்க்கர் ஒன்றுக்குத் தற்காப்பவரின் ஒரு பகடை போகட்டும். இது இல்லையென்றால் வேலியைச் சுற்றி வந்த செக்‌ஷனுக்கு என்ன லாபம்? அடுத்த ஆட்டத்தில் எவரும் சுற்றி வர மாட்டார், எல்லாரும் நின்ற இடத்திலிருந்தே சுடுவார்கள்.