சொகுசு ரயிலுக்குப் பணம் கட்டும் முன் பெட்டியைப் பற்றிக் கேளுங்கள்

பழைய காலத்துச் சொகுசு ரயிலில் போக ஆசைப்படுகிறவர்கள் முதலில் கேட்பது, "எந்தெந்த ஊருக்குப் போகிறது?" என்பதுதான். நான் வேறு கேள்வியில் தொடங்கச் சொல்வேன். அந்தப் பெட்டிகளை எந்த ஆண்டில், எங்கே, எதற்காகச் செய்தார்கள்? ஊர் பார்க்க ஆயிரம் வழி இருக்கிறது. இந்த ரயில்களில் நீங்கள் காசு கொடுப்பது பெட்டிக்கு.

நான் மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் மரவேலை செய்கிறவன். சுற்று வட்டாரத் தோட்டங்களில் துரை பங்களாக்களில் கிடந்த சாய்வு நாற்காலி, சாப்பாட்டு மேசை, கண்ணாடி அலமாரி இவற்றைப் பழுது பார்த்து, அரக்கு பாலிஷ் போட்டுத்தான் பிள்ளைகளைப் படிக்க வைத்தேன். பிள்ளைகள் நிலைத்த பிறகு நானும் என் மனைவியும் இந்தப் பயணங்களுக்கென்று தனியாகச் சேமித்தோம். தோட்டத்து ஆள்களுக்கு இதெல்லாம் எதற்கு என்று சிலர் கேட்டார்கள். மலாயாவின் முதல் ரயில் 1885இல் தைப்பிங்குக்கும் போர்ட் வெல்டுக்கும் இடையே ஓடியது. அந்தப் பாதையைப் போட்டவர்கள் இலங்கையிலிருந்து வந்த உழைப்பாளிகள். அதற்குப் பிறகு தண்டவாள கேங்கில் வெயிலில் நின்று கட்டை மாற்றியவர்களில் நம்மவர்கள் ஏராளம். அந்தப் பாதையில் நல்ல பெட்டியில் உட்கார்ந்து போக நமக்கு எல்லாத் தகுதியும் உண்டு.

சரி, பெட்டிக்கு வருவோம். உண்மையிலேயே பழைய பெட்டிகள் ஒரு வகை. ஐரோப்பாவில் ஓடும் வெனிஸ் சிம்ப்ளான் ஓரியன்ட் எக்ஸ்பிரஸ் அப்படிப்பட்டது. ஜேம்ஸ் ஷெர்வுட் என்பவர் 1977இல் மான்டி கார்லோ ஏலத்தில் இரண்டு பெட்டிகளை எடுத்தார். பிறகு மற்றவற்றையும் தேடிச் சேர்த்து, புதுப்பித்து, 1982இல் ரயிலை ஓட விட்டார். பெட்டிகள் பெரும்பாலும் 1920களிலும் 30களிலும் செய்தவை. சுவரில் இருக்கும் பூ வேலை வண்ணம் தீட்டியதல்ல, வெவ்வேறு நிற மரத் தகடுகளை வெட்டி ஒன்றோடொன்று பொருத்திப் பதித்தது. பெட்டிக் கோடியில் இன்னும் கரி அடுப்பு எரிகிறது. அதே நேரம், அங்கே பழைய அறைகளில் முகம் கழுவும் தொட்டி மட்டும்தான் உண்டு. கழிவறை பெட்டிக் கோடியில். குளியல் வேண்டுமென்றால் பெரிய சூட்டுகளுக்குப் போக வேண்டும், அதன் விலையே வேறு. தென்னாப்பிரிக்காவில் ரோஹன் வோஸ் 1989இல் தொடங்கிய ரோவோஸ் ரயிலும் பழைய பெட்டிகளை எடுத்துப் புதுப்பித்து ஓட்டுவதுதான். அதில் அறைக்குள்ளேயே குளியலறை வைத்துவிட்டார்கள். பிரிட்டோரியாவிலிருந்து நம் மக்கள் நிறைய வாழும் டர்பனுக்கும் அது போகிறது. பொது இடங்களில் கைப்பேசி பேச விடமாட்டார்கள். எனக்கு மிகவும் பிடித்த விதி இது.

பழைய மாதிரி அலங்கரித்த புதுப் பெட்டிகள் இன்னொரு வகை. இந்தியாவின் மகாராஜாஸ் எக்ஸ்பிரஸ் 2010இல் வந்தது, கோல்டன் சாரியட் 2008இல். இரண்டும் புதிதாகச் செய்தவை. பேலஸ் ஆன் வீல்ஸ் 1982இல் சமஸ்தான மன்னர்களின் உண்மையான பெட்டிகளோடு தொடங்கியது. பிறகு அவற்றை எடுத்துவிட்டுப் புதியவற்றைப் போட்டார்கள். இவற்றைக் குறையாகச் சொல்லவில்லை. கோல்டன் சாரியட்டின் தெற்குப் பயணத்தில் மாமல்லபுரம், தஞ்சாவூர், செட்டிநாடு எல்லாம் வரும். பெற்றோரை அழைத்துப் போக அருமையானது. பழைய மரத்தைத் தொட்டுப் பார்க்கிற ஆசையோடு போனால்தான் ஏமாற்றம்.

நமக்குப் பக்கத்தில் ஓடும் ஈஸ்டர்ன் அண்ட் ஓரியன்டல் எக்ஸ்பிரஸ் இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. அதன் கதையைத் தெரிந்துகொண்டு ஏறுங்கள், பயணம் இரட்டிப்பாகும். ஜப்பானில் செய்து, 1971இல் நியூசிலாந்தில் வெலிங்டனுக்கும் ஆக்லாந்துக்கும் இடையே 'சில்வர் ஸ்டார்' என்ற இரவு ரயிலாக ஓடிய பெட்டிகள் இவை. வரவு போதாமல் 1979இல் அந்த ரயிலை நிறுத்திவிட்டார்கள். பல வருடம் கழித்து அவற்றை வாங்கி இங்கே கொண்டு வந்தார்கள். நியூசிலாந்துத் தண்டவாள அகலம் 1067 மில்லிமீட்டர், நம்முடையது 1000. அதற்கேற்றபடி சக்கரத்தை மாற்றி, உள்ளே முழுக்க மர வேலை செய்து, 1993இல் சிங்கப்பூருக்கும் பாங்காக்குக்கும் இடையே ஓட விட்டார்கள். ஆக, இரும்புக் கூடு பழையது, உள்ளே நீங்கள் பார்க்கும் மரம் தொண்ணூறுகளில் போட்டது. கூட்டைத் தூக்கிக் குப்பையில் போடாமல் காப்பாற்றியதே பெரிய வேலை என்பது என் கருத்து.

2020இல் நின்ற ரயில் 2024 பிப்ரவரியில் திரும்ப வந்தது. இப்போது தாய்லாந்துக்குப் போவதில்லை. சிங்கப்பூரின் உட்லண்ட்ஸில் ஏறி மூன்று இரவு சுற்றி அங்கேயே இறங்குவது. பருவத்தைப் பொறுத்து லங்காவி, பினாங்கு பக்கம் ஒரு பயணம், தாமான் நெகாரா காட்டுப் பக்கம் இன்னொன்று. கட்டணம் ஒருவருக்குப் பல ஆயிரம் அமெரிக்க டாலர் ஆகும். ரிங்கிட் ஏறி இறங்குவதால், முன்பணம் கட்டும் நாளுக்கும் மீதியைக் கட்டும் நாளுக்கும் இடையில் உங்கள் கணக்கு மாறும். கையிருப்பில் கொஞ்சம் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். கார்டில் கட்டினால் வெளிநாட்டுப் பரிவர்த்தனைக்கு வங்கி எவ்வளவு எடுக்கும் என்றும் கேட்டுவிடுங்கள்.

மலேசியாவுக்குள்தான் சுற்றப் போகிறோம் என்று நினைத்துக் கடப்பிதழை மறந்துவிடாதீர்கள், ஏறுவது சிங்கப்பூரில். காலாவதிக்கு ஆறு மாதமாவது இருக்கட்டும். இங்கிருந்து போகிறவர்கள் முதல் நாளே ஜோகூர் பாருவுக்குப் போய்த் தங்குங்கள். சிங்கப்பூருக்குப் போகும் பாலத்தில் வார இறுதியிலும் பெருநாள் சமயத்திலும் நெரிசல் எப்படி இருக்கும் என்று எல்லாருக்கும் தெரியும். அவ்வளவு காசு கட்டிய ரயிலை அதில் மாட்டிக்கொண்டு விட முடியுமா?

முன்பதிவு செய்யும்போது அறையின் படத்தை மட்டும் பார்த்துச் சம்மதித்துவிடாதீர்கள். எழுத்தில் கேட்க வேண்டியவை சில உண்டு. கட்டில்கள் இரண்டும் கீழேயா, ஒன்று மேலேயா? முட்டிவலி உள்ளவர்களுக்கு இதுதான் முதல் கேள்வி. குளியலறை அறைக்குள்ளா? வழியில் இறங்கிப் பார்க்கும் சுற்றுலாவும் பானங்களும் கட்டணத்தில் சேர்ந்தவையா? ரத்து செய்தால் எவ்வளவு திரும்ப வரும்? அப்புறம், அறையைப் பெட்டியின் நடுப்பகுதியில் கேளுங்கள். பெட்டியின் இரண்டு முனையிலும் அடியில்தான் சக்கரத் தொகுதி இருக்கிறது. அங்கே சத்தமும் ஆட்டமும் அதிகம். நம்முடையது குறுகிய பாதை, நன்றாகவே ஆடும். முதல் இரவு தூக்கம் வராமல் புரண்டாலும் கவலை வேண்டாம், இரண்டாம் இரவு உடம்பு அந்த ஆட்டத்துக்குப் பழகிவிடும்.

சாப்பாடு பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். ஈஸ்டர்ன் அண்ட் ஓரியன்டலில், பெயர் பெற்ற சமையற்காரர் ஆன்ட்ரே சியாங்கைப் பொறுப்பாக வைத்திருக்கிறார்கள். ஓடும் ரயிலின் சிறிய சமையலறையில் அந்தத் தரத்தில் சமைப்பது சாதாரண காரியமல்ல. பொருள்களை ஏறும் முன்பே ஏற்றிவிடுவார்கள், ஆகவே மேசையில் உட்கார்ந்த பிறகு "நான் மாடு சாப்பிடமாட்டேன்" என்று சொல்வது அவர்களுக்கும் சிரமம், உங்களுக்கும் சிரமம். முன்பதிவின்போதே எழுதிவிடுங்கள். சைவம் என்று ஒரு சொல்லோடு நிறுத்தாதீர்கள். நம் வட்டாரத்தில் பெலாச்சான் என்ற இறால் விழுது போட்ட கீரையையும், சிப்பி சாஸ் ஊற்றிய காளானையும் சைவம் என்று கொடுப்பவர்கள் உண்டு. மீன் சாஸ், பெலாச்சான், சிப்பி சாஸ், முட்டை, எது கூடாது என்று தனித்தனியாகக் குறிப்பிடுங்கள். புரட்டாசியிலோ கந்த சஷ்டியிலோ விரதம் இருப்பவர்கள் அந்தத் தேதிகளைத் தவிர்த்துவிடுவது நல்லது.

உடைக்காகப் புதிதாக கோட் தைக்க ஓட வேண்டாம். இரவுச் சாப்பாட்டுக்கு எல்லாரும் நன்றாக உடுத்தி வருவார்கள், அவ்வளவுதான். நீளக்கை பாத்தேக் சட்டை நம் நாட்டில் முறையான உடை. பட்டுப் புடவை எந்த மேசையிலும் தலை நிமிர்ந்து உட்காரும். என் மனைவி நீலக் காஞ்சிப் பட்டு கட்டிக்கொண்டாள், நான் ஜிப்பா. பெரிய பெட்டியைக் கொண்டு போகாதீர்கள், அறையில் வைக்க இடம் இராது. மாத்திரை, கண்ணாடி, ரப்பர் அடி வைத்த செருப்பு இவை கைப்பையில் இருக்கட்டும். ஆடும் நடைபாதையில் வழுக்கும் செருப்பு ஆபத்து.

இனி எனக்குப் பிடித்த பகுதி, பெட்டிக்குள் எதைப் பார்ப்பது என்பது. ஏறியதும் படம் எடுப்பதை ஒத்திவைத்துவிட்டு, பகல் வெளிச்சம் இருக்கும்போதே சுவரைப் பக்கவாட்டில் இருந்து பாருங்கள். மரத் தகட்டின் வரி ஒரு பலகையிலிருந்து அடுத்த பலகைக்குத் தொடர்ந்து ஓடுகிறதா? ஓடினால், ஒரே மரத்தில் அடுத்தடுத்து அறுத்த தகடுகளை வரிசை மாறாமல் ஒட்டியிருக்கிறார்கள். பித்தளைத் திருகாணிகளின் வெட்டுகள் எல்லாம் ஒரே திசையில் நிற்கின்றனவா? அவசரக்காரர் வேலையில் அப்படி நிற்காது. பலகைகளுக்கு இடையில் நூல் அளவு இடைவெளி தெரிந்தால் குறை என்று நினைக்காதீர்கள். நம் ஊர் ஈரக்காற்றில் மரம் உப்பும், குளிர்சாதனக் காற்றில் சுருங்கும். இடம் விடாமல் அடித்தால் வெடித்துவிடும். இரவில் கேட்கும் சன்னமான கிறீச் சத்தமும் அதனால்தான்.

அரக்கு பாலிஷ் போட்ட பழைய பெட்டிகளில் சூடான கோப்பையை நேராக மரத்தின் மேல் வைக்கக் கூடாது, வெள்ளை வளையம் விழும். மதுவோ சென்டோ சிந்தினால் உடனே துடையுங்கள், அரக்கு அதில் கரையும். கைத்துணி கேட்டால் ஊழியர் மகிழ்ச்சியோடு கொடுப்பார். அவரிடமே எது பழையது, எது மாற்றியது என்றும் கேளுங்கள். எங்களுக்கு வந்த இளைஞர் கதவுக் கீல் வரைக்கும் தெரிந்து வைத்திருந்தார்.

ஈஸ்டர்ன் அண்ட் ஓரியன்டலில் கடைசிப் பெட்டியின் பின்புறம் திறந்தவெளியாக இருக்கும். அங்கே அதிகாலையில் போய்விடுங்கள், கூட்டம் இராது. வடக்கே போகும் ரயில் ஈப்போ தாண்டி, நம் சுங்கை சிப்புட் வழியாகத்தான் கோலகங்சாருக்குப் போகிறது. நம் ஊர் எந்நேரத்தில் வரும் என்று ஊழியரிடம் முன்பே கேட்டு வையுங்கள்.

பழைய பாங்காக் பயணங்கள் காஞ்சனபுரியில் நின்று குவாய் ஆற்றுப் பாலத்தைக் காட்டின. வேறு எந்த ரயிலிலாவது நீங்கள் அங்கே போக நேர்ந்தால், 1942-43இல் போட்ட அந்த சயாம் மரண ரயில் பாதையில் நம் தோட்டங்களிலிருந்து கொண்டு போன தமிழர்கள் பல்லாயிரம் பேர் மாண்டார்கள் என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கூட்டிப் போங்கள். அந்த இடத்தில் சுற்றுலாப் படம் மட்டும் எடுத்துத் திரும்புவது எனக்கு ஒப்பவில்லை.

இவ்வளவு செலவு முடியாது என்பவர்களுக்கு சபா இருக்கிறது. கோத்தா கினபாலுவின் தஞ்சோங் ஆருவிலிருந்து பாப்பார் வரை போய்வரும் வடக்கு போர்னியோ ரயில், 2000ஆம் ஆண்டில் தொடங்கியது. இழுப்பது இங்கிலாந்தின் வல்கன் பவுண்டரியில் 1954இல் செய்த நீராவி என்ஜின், எரிப்பது விறகு. அடுக்குத் தூக்குச்சட்டியில் மதியச் சாப்பாடு தருவார்கள். தீபகற்பத்திலிருந்து போக அடையாள அட்டை போதும், கடப்பிதழ் வேண்டாம். வயதான என்ஜின் என்பதால் பராமரிப்புக்கு நிற்பதுண்டு. ஓடும் நாளை உறுதி செய்த பிறகே விமானச் சீட்டு வாங்குங்கள். ஜன்னல்கள் திறந்தே இருக்கும், கரித்தூள் உள்ளே வரும், வெள்ளைச் சட்டை போடாதீர்கள். பாப்பாரில் எல்லாரும் சந்தைக்குக் கிளம்புவார்கள். நீங்கள் என்ஜின் பக்கம் போய்விடுங்கள். திரும்பும் பயணத்துக்காக அதைக் கழற்றி மறுமுனையில் கோப்பதைப் பக்கத்தில் நின்று பார்க்கலாம்.