ஊக்கும் ஸ்ப்ரேயும் இல்லாமல் குயில்ட் அடுக்குவது: ஒட்டும் பேட்டிங் செய்முறை

குயில்ட் என்னும் அடுக்குப் போர்வை தைக்கப் பழகுகிறவர்களில் பலர் நடுவழியில் நின்றுவிடும் இடம், மூன்று அடுக்குகளையும் பிணைக்கும் வேலைதான். மேல்துணி, நடுவில் பேட்டிங் என்னும் மெத்தென்ற பஞ்சு விரிப்பு, கீழே அடித்துணி. தைக்கும்போது இவை நகராமல் இருக்க வேண்டும். ஊக்கு குத்தினால் முதுகு வலிக்கும், பசை ஸ்ப்ரே அடித்தால் வாசனை ஆளைத் தூக்கும், நூலால் ஓட்டுத்தையல் போட்டால் நேரம் போகும். ஒட்டும் பேட்டிங்கில், அதாவது ஃபியூசிபிள் பேட்டிங்கில், பசை ஏற்கெனவே இருக்கிறது. இஸ்திரிப் பெட்டியின் சூடு பட்டதும் அது இளகித் துணியைப் பிடித்துக்கொள்ளும். முதல் குயில்ட்டுக்கு நான் தயங்காமல் சொல்வது இதைத்தான்.

வாங்கும்போது பார்க்க வேண்டியது ஒன்று: பசை இரண்டு பக்கமும் இருக்கிறதா? சிலவற்றில் ஒரு பக்கம்தான் இருக்கும். பைகள் தைக்க அது போதும், குயில்ட்டுக்குப் போதாது. அப்புறம், பேட்டிங்கை முன்கூட்டியே நனைக்கவோ துவைக்கவோ வேண்டாம், பசை போய்விடும். மடிப்புக் கோடுகள் இருந்தால் முந்தின நாளே பிரித்துத் தொங்கவிடுங்கள். அதன்மேல் நேராக இஸ்திரி வைக்கக் கூடாது, பசை பெட்டியில் அப்பிக்கொள்ளும்.

சரி, வேலைக்கு வருவோம்.

முதலில் அளவு. பேட்டிங்கும் அடித்துணியும் மேல்துணியைவிட நான்கு பக்கமும் 2 அங்குலமாவது பெரிதாக இருக்கட்டும். மேல்துணி 40க்கு 50 அங்குலம் என்றால் மற்ற இரண்டையும் 44க்கு 54 என வெட்டுங்கள்.

இரண்டாவது, மேல்துணியையும் அடித்துணியையும் தனித்தனியாக நன்றாக இஸ்திரி போட்டு, தொங்கும் நூல்களை வெட்டிவிடுங்கள். வெளிர்நிறத் துணிக்கு அடியில் கருப்பு நூல் ஒன்று மாட்டிக்கொண்டால் அது கடைசிவரை தெரியும்.

மூன்றாவது, அடுக்குவது. மேசைமேல் தடித்த பருத்திப் போர்வை ஒன்றை விரித்துக்கொண்டால் சூடும் நீராவியும் மரத்தை எளிதில் கெடுக்காது. அதன்மேல் அடித்துணி, நல்ல பக்கம் கீழே பார்த்தபடி. ஓரங்களை டேப்பால் ஒட்டிவையுங்கள். துணி விறைப்பாக நிற்க வேண்டும், ஆனால் இழுபடக் கூடாது. இழுத்து ஒட்டிய துணி டேப்பை எடுத்ததும் சுருங்கிப் பின்பக்கம் சுருக்கம் விழும். அடுத்து பேட்டிங், அதன்மேல் மேல்துணி, நல்ல பக்கம் மேலே. நடுவிலிருந்து ஓரத்துக்கு உள்ளங்கையால் நீவிவிடுங்கள். இந்த நீவும் வேலையில் அவசரமே கூடாது. சூடு வைத்தபின் சுருக்கத்தோடு மல்லுக்கட்டுவதைவிட இப்போது ஐந்து நிமிடம் கூடுதலாகச் செலவழிப்பது மேல்.

நான்காவது, ஒட்டுவது. எவ்வளவு சூடு, நீராவி வேண்டுமா, எத்தனை விநாடி என்பதெல்லாம் பாக்கெட்டில் இருக்கும்; கம்பெனிக்குக் கம்பெனி மாறும் என்பதால் அதையே பின்பற்றுங்கள். நடுவில் தொடங்குங்கள். பெட்டியை வைத்து அழுத்தி, தூக்கி, பக்கத்து இடத்தில் வையுங்கள். சட்டைக்கு இஸ்திரி போடுவதுபோல் இழுத்துத் தேய்க்கவே கூடாது. துணி நகரும், நேராகத் தைத்த கட்டங்கள் கோணும். ஓரத்தில் பேட்டிங் வெளியே தெரியும் இடங்களில் பழைய பருத்தித் துணி ஒன்றைப் போட்டு அழுத்துங்கள். மேல்துணியில் பாலியஸ்டர் கலந்திருந்தால் அதே துணியின் சிறு வெட்டுத்துண்டில் சூட்டைச் சோதித்துவிட்டுத் தொடங்குவது நல்லது.

ஆறவிட்ட பிறகு டேப்பை எடுத்து, மெதுவாகத் திருப்பி, அடித்துணிப் பக்கமும் நடுவிலிருந்து அழுத்துங்கள். எங்காவது மடிப்பு விழுந்திருந்தால் பதற வேண்டாம். பெரும்பாலான குயில்ட் பேட்டிங்குகளில் பசை தற்காலிகமானதுதான். அந்த இடத்தைச் சூடாக்கி, உரித்து, நீவி, மறுபடி ஒட்டலாம். பெரிய குயில்ட் என்றால் மேசை கொள்ளும் அளவு பகுதி பகுதியாகச் செய்யுங்கள். முழுக் கட்டில் அளவுக்குத் துணைக்கு ஓர் ஆள் இருந்தால் திருப்புவது எளிது.

ஒட்டி முடித்ததும் மாதக்கணக்கில் மடித்து வைக்காதீர்கள், பிடி தளரும். தையலையும் நடுவிலிருந்தே தொடங்குங்கள். ஓரம் பிரிந்தால் மறுபடி இஸ்திரி வையுங்கள், அல்லது அங்கே மட்டும் இரண்டு ஊக்கு குத்துங்கள். மெஷின் தையலுக்கு இந்த முறை அருமை. கையால் குயில்ட் தைப்பவர்களுக்கு ஊசி கொஞ்சம் இறுக்கமாகத்தான் போகும். அவர்களுக்கு ஓட்டுத்தையலே நல்லது என்பேன்.

இந்தப் பசை தையலுக்கு மாற்று இல்லை. தையல் வரிகளுக்கு நடுவே எவ்வளவு இடைவெளி விடலாம் என்பதும் பாக்கெட்டில் இருக்கும், அதைத் தாண்ட வேண்டாம். தைத்து முடித்த குயில்ட் கொஞ்சம் தட்டையாகவும் விறைப்பாகவும் இருக்கும். துவைத்துக் காயவைத்தால் இந்தத் தற்காலிகப் பசை போய், பேட்டிங் உப்பி மெத்தென்று ஆகிவிடும்.