வீட்டில் ஆக்சிஜன்: எத்தனை லிட்டர், எத்தனை மணி நேரம்?

சிஓபிடி எனப்படும் நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் முற்றியவர்களுக்கு, "வீட்டில் ஆக்சிஜன் வைத்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லி டிஸ்சார்ஜ் செய்கிறார்கள். அதன் பிறகு பல வீடுகளில் நடப்பது இரண்டில் ஒன்று. மூச்சு வாங்கும்போது மட்டும் அரை மணி நேரம் வைத்துவிட்டுக் கழற்றிவிடுவார்கள். இல்லையென்றால், திணறுவதைப் பார்க்கப் பொறுக்காமல் யாராவது இயந்திரத்தின் குமிழை நிமிடத்துக்கு 5 லிட்டருக்குத் திருப்பிவிடுவார்கள். முதலாவதில் பலன் கிடையாது. இரண்டாவது உயிருக்கே ஆபத்தாக முடியலாம். ஆக்சிஜன் ஒரு மருந்து. நிமிடத்துக்கு எத்தனை லிட்டர், நாளுக்கு எத்தனை மணி நேரம் என்ற இரண்டு எண்களும் மருந்துச் சீட்டில் எழுதப்பட்டிருக்க வேண்டும். இல்லையென்றால் கேட்டு எழுதி வாங்குங்கள்.

யாருக்குத் தேவை

மூச்சுத்திணறலும் ஆக்சிஜன் குறைவும் ஒன்றல்ல. திணறல் கடுமையாக இருந்தும் ரத்தத்தில் ஆக்சிஜன் 94 சதவீதம் இருப்பவர்கள் உண்டு. அவர்களுக்கு ஆக்சிஜன் இயந்திரத்தால் பயன் இல்லை. முகத்துக்கு நேரே ஒரு சின்ன கையடக்க ஃபேனை ஐந்து நிமிடம் பிடித்தால் கிடைக்கும் ஆறுதல் பெரிது. இது ஆய்வில் உறுதியான விஷயம்.

நீண்டகால ஆக்சிஜன் சிகிச்சைக்கான வரம்பு இதுதான்: ஓய்வாக உட்கார்ந்திருக்கும்போது தமனி ரத்தத்தில் ஆக்சிஜன் அழுத்தம் 55 மி.மீ. பாதரசம் அல்லது அதற்குக் கீழே, அல்லது விரலில் மாட்டும் ஆக்சிமீட்டரில் 88 சதவீதம் அல்லது அதற்குக் கீழே. தமனி அழுத்தம் 56 முதல் 59 வரை இருந்தால், கால் வீக்கம், இதயத்தின் வலப்பக்கம் பலவீனமாவது, ரத்தம் கெட்டியாகி ஹீமட்டோகிரிட் (ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு) 55 சதவீதத்தைத் தாண்டுவது போன்றவற்றில் ஒன்றாவது சேர்ந்திருக்க வேண்டும்.

மணிக்கட்டில் ஊசி போட்டு எடுக்கும் ஏபிஜி எனப்படும் தமனி ரத்த வாயுப் பரிசோதனையைத் தவிர்க்காதீர்கள். ஆக்சிமீட்டர் தோலின் வழியே ஒளியைச் செலுத்திக் கணக்குப் போடுவது. கருமையான தோலில் அது உண்மையைவிடக் கூட்டிக் காட்டக்கூடும். அமெரிக்காவில் 2020-இல் வெளியான ஓர் ஆய்வில், ஆக்சிமீட்டர் கண்டுபிடிக்கத் தவறிய ஆக்சிஜன் குறைவு வெள்ளையர்களைவிடக் கறுப்பினத்தவரிடம் ஏறக்குறைய மூன்று மடங்கு அதிகம் இருந்தது. நம் ஊர்க்காரர்களும் இதை மனதில் வைக்க வேண்டும். போதாததற்கு ஏபிஜி-யில்தான் கார்பன் டை ஆக்சைடும் தெரியும்.

சளி, காய்ச்சல் என்று நோய் முற்றிப் படுத்திருந்த நேரத்தில் எடுத்த அளவை வைத்து ஆயுள் முழுக்க ஆக்சிஜன் என்று முடிவு கட்டக்கூடாது. உடம்பு தேறி ஏறக்குறைய 8 வாரம் ஆனபின் மறுபடி பார்க்க வேண்டும். பலருக்கு அதற்குள் அளவு ஏறி, இயந்திரமே தேவைப்படாமல் போகும்.

ஏன் 15 மணி நேரம்

1960-களில் அமெரிக்காவின் டென்வரில் மருத்துவர் தாமஸ் பெட்டியும் சகாக்களும் தூக்கிக்கொண்டு நடக்கக்கூடிய ஆக்சிஜனைக் கொடுத்து, படுக்கையில் கிடந்த நுரையீரல் நோயாளிகளை நடமாட வைத்தார்கள். ஆயுள் கூடுமா என்ற கேள்விக்கு இரண்டு பெரிய ஆய்வுகள் பதில் சொல்லின. 1980-இல் வெளியான அமெரிக்க ஆய்வில் 6 மையங்களில் 203 பேர். இரவில் மட்டும் ஏறக்குறைய 12 மணி நேரம் வைத்தவர்களில் இறப்பு, நாள் முழுக்க வைக்கச் சொல்லப்பட்டவர்களைப் போல இரண்டு மடங்குக்குக் கிட்டத்தட்ட இருந்தது. 1981-இல் வெளியான பிரிட்டன் ஆய்வில் 87 பேர். நாளுக்கு 15 மணி நேரம் வைத்துக்கொண்ட 42 பேரில் ஐந்து ஆண்டுகளில் 19 பேர் இறந்தார்கள். வைக்காத 45 பேரில் 30 பேர்.

அப்படியானால் 24 மணி நேரமும் வைத்தால் இன்னும் நல்லதா? 2024-இல் சுவீடனில் 241 பேரை வைத்து அதையும் பார்த்துவிட்டார்கள். 15 மணி நேரத்துக்கும் 24 மணி நேரத்துக்கும், ஓராண்டுக்குள் மருத்துவமனையில் சேர்வதிலோ இறப்பிலோ வித்தியாசம் இல்லை. குளிக்க, வாசலில் உட்கார, பேரக்குழந்தையோடு தெருமுனை வரை போய்வரக் கிடைக்கும் அந்த ஒன்பது மணி நேரத்துக்காக யாரும் குற்ற உணர்வு கொள்ள வேண்டியதில்லை. 2016-இல் வந்த 738 பேர் ஆய்வு இன்னொன்றையும் காட்டியது: ஓய்வில் 89 முதல் 93 வரை இருப்பவர்களுக்கும், நடக்கும்போது மட்டும் குறைபவர்களுக்கும் ஆக்சிஜன் கொடுத்து ஆயுள் கூடவில்லை.

15 மணி நேரத்தை எப்படிச் சேர்ப்பது? இரவு 8 முதல் காலை 7 வரை 11 மணி நேரம். மதியம் 1 முதல் 5 வரை 4. அவ்வளவுதான். தூக்கத்தில்தான் ஆக்சிஜன் மிகவும் இறங்கும் என்பதால் இரவுப் பகுதியை விடவே கூடாது. "பழகிவிடும், அப்புறம் விட முடியாது" என்று அக்கம்பக்கத்தில் சொல்வதைக் கேட்டு மணி நேரத்தைக் குறைக்காதீர்கள். ஆக்சிஜனுக்கு யாரும் அடிமையாவதில்லை.

எத்தனை லிட்டர்

மருத்துவர் வழக்கமாக நிமிடத்துக்கு 1 லிட்டரில் தொடங்குவார். 20 நிமிடமாவது பொறுத்து, அளவு 90-ஐத் தாண்டவில்லை என்றால் இன்னொரு லிட்டர். போதுமான இடத்துக்கு வந்ததும் மறுபடி ஒரு ஏபிஜி எடுத்து, கார்பன் டை ஆக்சைடு ஏறவில்லை என்று உறுதி செய்வார். பெரும்பாலானவர்களுக்கு 1 முதல் 3 லிட்டருக்குள் முடிந்துவிடும். தூக்கத்துக்கு மட்டும் அரை அல்லது ஒரு லிட்டர் கூட்டுவதா என்பதும் அவர் முடிவு.

நோய் திடீரென்று தீவிரமாகும் நேரத்தில் வைக்க வேண்டிய இலக்கு 88 முதல் 92 சதவீதம். 98-ஐப் பார்த்து யாரும் சந்தோஷப்படக் கூடாது. சிஓபிடி-யில் நுரையீரலின் கெட்டுப்போன பகுதிகளுக்கு ரத்தம் போகாமல் உடம்பே நாளங்களைச் சுருக்கி வைத்திருக்கும். ஆக்சிஜன் அளவுக்கு மீறினால் அந்தச் சுருக்கம் தளர்ந்து, காற்றோட்டம் இல்லாத இடத்துக்கு ரத்தம் பாயும். சிவப்பணுக்களும் சுமந்துவந்த கார்பன் டை ஆக்சைடை இறக்கிவிடும். மூச்சின் வேகமும் கொஞ்சம் குறையும். மூன்றும் சேர்ந்து கார்பன் டை ஆக்சைடை ஏற்றிவிடும். காலையில் எழுந்ததும் தலைவலி, பகலெல்லாம் தூங்கி வழிவது, பேச்சில் குழப்பம், கையை நீட்டினால் மணிக்கட்டு படபடவென்று அடிப்பது ஆகியவைதான் அறிகுறிகள். 2010-இல் வெளியான ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியா ஆய்வில், சிஓபிடி உறுதியான நோயாளிகளில் ஆம்புலன்ஸிலேயே ஆக்சிஜனைத் தாராளமாகக் கொடுத்தவர்களில் 9 சதவீதம் பேர் இறந்தார்கள். 88 முதல் 92-க்குள் அளந்து கொடுத்தவர்களில் 2 சதவீதம்.

இயந்திரம்

வீட்டில் வைக்கும் ஆக்சிஜன் இயந்திரமான கான்சன்ட்ரேட்டர் ஆக்சிஜனை உண்டாக்குவதில்லை. அறைக் காற்றை அழுத்தி, ஜியோலைட் என்ற நுண்துளைக் கனிமம் நிரப்பிய இரண்டு குழல்களில் மாற்றி மாற்றிச் செலுத்தும். ஜியோலைட் நைட்ரஜனைப் பிடித்துக்கொள்ள, 90 முதல் 96 சதவீதம் ஆக்சிஜன் வெளியே வரும். இயக்கியதும் இந்தத் தூய்மை வரச் சில நிமிடம் ஆகும். அதனால் 5 நிமிடம் ஓடவிட்டுப் பிறகு மாட்டுங்கள்.

சுவரிலிருந்து ஓர் அடியாவது தள்ளி வையுங்கள். அலமாரிக்குள், திரைச்சீலைக்குப் பின்னால் வைத்தால் சூடேறிக் கம்ப்ரசர் கெடும். சமையலறையில் வைத்தால் எண்ணெய்ப் புகை ஃபில்டரை அடைக்கும். வெளி ஃபில்டரை வாரம் ஒருமுறை சோப்புத் தண்ணீரில் அலசி, நிழலில் முழுக்க உலர்த்திய பிறகே பொருத்த வேண்டும். ஈர ஃபில்டரைப் போட்டால் ஈரம் உள்ளே போய் ஜியோலைட்டைப் பாழாக்கும். இரண்டாவது ஃபில்டர் ஒன்று கையில் இருந்தால் இந்த அவசரம் வராது. திரையில் தெரியும் தூய்மை எண்ணை மட்டும் நம்பாமல், ஆறு மாதத்துக்கு ஒருமுறையாவது டெக்னீஷியனிடம் தனி அனலைசர் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

எத்தனை லிட்டர் போகிறது என்று காட்டும் ஃப்ளோமீட்டரைப் பார்க்கும்போது கண்ணை அதன் மட்டத்துக்கு இறக்குங்கள். உருண்டையின் நடுப்பகுதி கோட்டில் நிற்க வேண்டும். மேலிருந்து குனிந்து பார்த்தால் அரை லிட்டர் வரை தப்பாகத் தெரியும்.

4 லிட்டருக்குக் கீழே ஈரப்பதக் குப்பி பெரும்பாலும் தேவையில்லை. மூக்கு வறண்டு எரிந்தால் மாட்டலாம். டிஸ்டில்ட் வாட்டர் அல்லது கொதிக்க வைத்து ஆறிய தண்ணீரை இரண்டு கோடுகளுக்கு நடுவே ஊற்றி, தினமும் மாற்றுங்கள். "மெஷின் ஓடுது, காத்து வரல" என்ற புகாருக்கு முக்கால்வாசி காரணம் இந்தக் குப்பியின் மூடி சாய்வாகத் திருகப்பட்டிருப்பதுதான். குப்பியில் குமிழ் வரவில்லை என்றால் மூடியைக் கழற்றி நேராகத் திருகுங்கள். பிறகு நாசிக்குழாயின் முனையை ஒரு டம்ளர் தண்ணீரில் அமிழ்த்திப் பாருங்கள். குமிழ் வந்தால் சரி. பார்த்து முடித்ததும் முனையை நன்றாகத் துடையுங்கள்.

நாசிக்குழாயின் இரண்டு முனைகளும் வளைந்திருக்கும். வளைவு கீழ்நோக்கி மூக்கின் உட்பக்கம் போகும்படி வைத்து, குழாயைக் காதுக்குப் பின்னால் சுற்றித் தாடைக்குக் கீழே இறுக்குங்கள். காதுமடல் புண்ணாகும் இடத்தில் கொஞ்சம் பஞ்சுத்துணி சுற்றலாம். மூக்கு வறட்சிக்குத் தேங்காய் எண்ணெய், வாஸலின் வேண்டாம். எண்ணெய்ப் பசை ஆக்சிஜனோடு சேர்ந்தால் எளிதில் தீப்பிடிக்கும். உப்புநீர்ச் சொட்டு மருந்து போதும். நாசிக்குழாயை 2 முதல் 4 வாரத்துக்கு ஒருமுறையும், சளி பிடித்துத் தேறிய உடனேயும் மாற்றுங்கள். நீட்டுக் குழாய் மொத்தம் 15 மீட்டருக்குள் இருக்கட்டும். நடையில் குறுக்கே போடாமல் சுவரோரமாகக் கொண்டுபோங்கள். வயதானவர்கள் இடறி விழுவது இதில்தான்.

தீயும் கரண்டும்

சாமி விளக்கு, ஊதுபத்தி, கற்பூரம், சாம்பிராணி, கேஸ் அடுப்பு எதுவானாலும் குறைந்தது 3 மீட்டர் தள்ளி. பீடி, சிகரெட் அந்த வீட்டுக்குள்ளேயே கூடாது. ஆக்சிஜனைக் கழற்றியதும் உடனே அடுப்படிக்குப் போகாதீர்கள். சட்டை, போர்வையில் ஆக்சிஜன் தங்கியிருக்கும். அரை மணி நேரம் போகட்டும்.

5 லிட்டர் இயந்திரம் ஏறக்குறைய 350 வாட் இழுக்கும். நாளுக்கு 15 மணி நேரம் என்றால் 5 யூனிட்டுக்கு மேல். ஃபிரிட்ஜோடு ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் செருகாமல் தனி பிளக் கொடுங்கள். இன்வெர்ட்டர் சைன் வேவ் வகையாக, 1000 விஏ-க்குக் குறையாமல் இருக்கட்டும். 150 ஆம்பியர்-அவர் பேட்டரி ஒன்று மூன்று மணி நேரம் தாங்கும். பழையது என்றால் அதில் பாதிதான்.

மழை, புயல் காலத்துக்கு ஒரு பி டைப் சிலிண்டர் நிரப்பி வைத்திருங்கள். அதில் ஏறக்குறைய 1500 லிட்டர் இருக்கும். 2 லிட்டர் வீதம் ஓடினால் 750 நிமிடம், அதாவது பன்னிரண்டரை மணி நேரம். கேஜில் முள் பாதியில் நின்றால் நேரமும் பாதி. சுவரோடு சங்கிலி போட்டு நிறுத்தி, வால்வைத் திறக்கும் சாவியை அதன் கழுத்திலேயே கட்டிவிடுங்கள். இருட்டில் சாவியைத் தேடுவதில்தான் நேரம் போகிறது. வால்வில் எண்ணெய் படக்கூடாது.

வெளியே கொண்டுபோகும் சிறிய கான்சன்ட்ரேட்டர் வாங்குபவர்கள் ஒன்றைக் கவனியுங்கள்: பல்ஸ் முறையில் ஓடும் இயந்திரத்தில் "2" என்ற எண் நிமிடத்துக்கு 2 லிட்டர் என்று பொருள்படாது. மூக்கால் மூச்சு இழுக்கும்போது மட்டும்தான் அது ஆக்சிஜனை விடும். வாயைத் திறந்து தூங்குபவர்களுக்கு இரவில் அது போதாது. கையில் மாட்டி நடக்க வைத்து, ஆக்சிமீட்டரில் பார்த்த பிறகே பணம் கட்டுங்கள்.

ஆக்சிஜன் வந்துவிட்டது என்று இன்ஹேலரை நிறுத்தாதீர்கள். மூச்சுக்குழாய் அடைப்பை ஆக்சிஜன் திறக்காது.

மூன்று மாதத்தில் மறுபடி ஏபிஜி. அதற்கு முன்பே, சீட்டில் எழுதிய லிட்டரில் வைத்தும் 88-க்குக் கீழே இறங்கினால், உதடு நீலம் பாய்ந்தால், எழுப்பினாலும் சரியாகக் கண் திறக்காவிட்டால் 108-ஐ அழையுங்கள். குமிழை நீங்களாகத் திருகிக்கொண்டே காத்திருக்காதீர்கள். "சிஓபிடி நோயாளி, ஆக்சிஜன் இலக்கு 88–92" என்று ஓர் அட்டையில் எழுதி இயந்திரத்தின் மேலேயே ஒட்டி வைத்து, ஆம்புலன்ஸ் வந்ததும் முதலில் அதைக் காட்டுங்கள்.